முகூர்த்தத்துக்கு முன்பே முடிய வேண்டிய வேலை

கல்யாண போட்டோ தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த கேமரா வாங்கலாம், ட்ரோன் வேண்டுமா என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அரியலூர் மாவட்டத்துச் செந்துறை, பொன்பரப்பி, ஆண்டிமடம் பக்கத்து வீடுகளில் ஆல்பம் வந்து இறங்கியதும் எழும் குறைகளைக் கேட்டுப் பாருங்கள். “பெரிய மாமா ஒரு படத்துலகூட இல்லையே.” “தாலி கட்டுறப்ப பொண்ணு மொகமே தெரியல.” “மறுவீட்டுக்கு ஆளே அனுப்பலையே.” எல்லாம் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் அந்த வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசாததால் வந்த குறைகள்.

இந்தத் தொழிலில் நிலைக்க நினைக்கும் இளைஞர் முகூர்த்த நாளுக்கு முன்னால் என்னென்ன முடித்துவைக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு போட்டோகிராபர் தேடுகிறவர்களும் படிக்கலாம். இதே கேள்விகளை அவரிடம் கேட்டால் போதும், ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

நாள்காட்டியைக் கையில் எடுங்கள்

புது வருட நாள்காட்டி வந்ததும் அதில் போட்டிருக்கும் முகூர்த்த நாட்களைத் தனியே குறித்து வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியைப் பல வீடுகள் தவிர்க்கின்றன. மீதி மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்டால் ஊரில் ஒரு மண்டபம் காலியாக இருக்காது. ஞாயிறு பகல் 12 மணிவரை ராகு காலமும் கிடையாது, எமகண்டமும் கிடையாது, லீவும் சேர்ந்துகொள்கிறது. அன்றைக்கு உங்களுக்கு மட்டுமா ஆர்டர்? இரண்டாவது கேமராவுக்கு வரும் தம்பி, வீடியோ எடுப்பவர், லைட் பிடிப்பவர், வாடகைக்கு லென்ஸ் கொடுக்கும் கடை என்று எல்லாருக்கும் அதே நாள்தான்.

ஆகவே ஆர்டர் உறுதியான அன்றே உங்கள் ஆட்களுக்கும் சொல்லி, சிறு தொகையாவது கையில் கொடுத்துவிடுங்கள். வாய்ப்பேச்சாக வைத்தால் கடைசி வாரத்தில் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு ஆர்டர் எடுப்பதும் தப்பில்லை, எந்த வீட்டுக்கு யார் வருவார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால். உங்கள் முகத்தைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தவரின் மண்டபத்தில் முன்பின் தெரியாத பையன் வந்து நிற்பதுதான் தப்பு.

நாளோடு நேரத்தையும் கேளுங்கள். நாலரை ஆறு பிரம்ம முகூர்த்தம் என்றால் முழுக்க முழுக்க விளக்கொளியில் எடுக்க வேண்டும். ஆறு ஏழரை என்றால் மாதத்தைப் பொறுத்தது. தையில் நம் பக்கம் சூரியன் உதிக்கவே ஆறரை தாண்டிவிடும். வைகாசியில் ஆறுக்கு முன்பே விடிந்துவிடும். ஒரே மண்டபம், ஒரே முகூர்த்த நேரம், ஆனால் தைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோக வேண்டிய லைட் வேறு, வைகாசிக் கல்யாணத்துக்கு வேறு.

பத்திரிகையைப் படியுங்கள்

நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஊரே இருக்கும். தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன்மார், அத்தை மாமா, தம்பிமார், வாண்டுகள் வரை பெயர் போட்டிருப்பார்கள். யார் பெயர் எங்கே வர வேண்டும் என்று வீட்டில் பல நாள் பேசித்தான் அச்சுக்குக் கொடுத்திருப்பார்கள். போட்டோகிராபருக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. பெண் வீட்டார் தனியாக, மாப்பிள்ளை வீட்டார் தனியாக அடித்திருந்தால் இரண்டையும் வாங்குங்கள். பேனாவை எடுத்துக்கொண்டு, இரு வீட்டிலும் ஒருவரை உட்காரவைத்து, ஒவ்வொரு பெயராகக் கேளுங்கள். இவர் யார்? கட்டாயம் மேடைப் படம் வேண்டுமா? வெளியூரிலிருந்து வருகிறாரா, சாப்பிட்டதும் கிளம்பிவிடுவாரா?

இதற்கு அப்பாவைப் பிடிக்காதீர்கள். கல்யாண வேலையில் அவர் மனசு வேறு எங்கோ இருக்கும். உறவு முறையெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் ஒரு சித்தியோ அத்தையோ வீட்டுக்கு வீடு உண்டு. அவரைப் பிடியுங்கள். கல்யாணத்தன்று மேடைக்குப் பக்கத்தில் நின்று ஆட்களைக் கூப்பிட்டுவிட இரு வீட்டிலும் ஒரு இளவட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். மாப்பிள்ளையின் மாமா யார் என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பையனுக்குத் தெரியும்.

தாய்மாமன் சீரைத் தனியாக விசாரியுங்கள். தட்டு வரிசையோடு மேளம் வைத்து, வெடி போட்டு அவர்கள் வந்து இறங்கும்போது உங்கள் ஆட்கள் எல்லாரும் மணமகள் அறையில் அலங்காரத்தை எடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் குடும்பம் அதை மறக்காது. எங்கிருந்து கிளம்புகிறார்கள், எத்தனை மணிக்கு, தட்டை யார் தூக்குகிறார்கள், மாமன் கையில் மாலையா பட்டா, எல்லாவற்றையும் கேளுங்கள். மாமன்மார் இரண்டு மூன்று பேர் இருந்தால் மூத்தவரிலிருந்து தொடங்குங்கள்.

இந்தப் பேச்சில் நான் தவறாமல் கேட்கச் சொல்வது இன்னொன்று. வீட்டில் யாராவது மேடை ஏறத் தயங்குவார்களா? கணவரை இழந்த அம்மா, பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில் தூணோரம் நிற்பதை இன்றும் பார்க்கிறோம். சடங்கை மாற்றும் அதிகாரம் கேமராக்காரருக்கு இல்லை. ஆனால் காலையில் பிள்ளை பட்டு கட்டி முடித்ததும் அம்மாவை அறைக்கு வரவழைத்து இருவரையும் ஒரு படம் எடுக்க முடியும். பத்து நிமிடம் அதற்கென்று நேர அட்டவணையில் ஒதுக்குங்கள். பிற்பாடு அந்த வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டப்போவது பெரும்பாலும் அந்தப் படம்தான். அப்பா இல்லாத வீட்டில் அவர் படத்துக்கு முன் விழுந்து கும்பிடும் நேரத்தையும் கேட்டு வையுங்கள். அது விடிகாலையில் வீட்டிலேயே நடந்து முடிந்துவிடும், மண்டபத்தில் காத்திருந்தால் கிடைக்காது. தாத்தா பாட்டியை வைத்து எடுப்பதையும் முதல் பந்திக்கு முன் முடித்துவிடுங்கள். சர்க்கரை மாத்திரை போட்டவரை வெறும் வயிற்றோடு வரிசையில் நிறுத்தக்கூடாது.

எல்லாக் கல்யாணமும் அக்னி வளர்த்து நடப்பதில்லை. சுயமரியாதைத் திருமணம் இங்கே சகஜம்; 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் அதற்குச் சட்ட ஏற்பும் உண்டு. அங்கே கெட்டிமேளத்தை எதிர்பார்த்து நிற்க முடியாது. தாலி எடுத்துக் கொடுக்கும் தலைவர் வந்து சேரும் நேரம்தான் முகூர்த்தம். பேச்சு முன்னாலா பின்னாலா என்று கேட்டு, மைக் இணைப்பை வீடியோவுக்கு வாங்கி வையுங்கள். லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் நிக்காஹ் என்றால் மணமகன் ஒரு பக்கம், மணமகள் ஒரு பக்கம். பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபர் வேண்டும். தேவாலயத்தில் எங்கே நிற்கலாம், எப்போது பிளாஷ் அடிக்கக்கூடாது என்று பங்குத்தந்தையிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். கோயிலில் தாலி கட்டுவதாக இருந்தால் ஆலய அலுவலகத்தில் கேமராவுக்கு அனுமதி கேளுங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று வாதாடுவதில் பயனில்லை.

எந்தக் கல்யாணமானாலும் மணமகள் அறைக்கு உங்கள் குழுவில் ஒரு பெண் இருப்பது நல்லது. தொழிலுக்கு வர நினைக்கும் பெண்களுக்கு இது திறந்து கிடக்கும் கதவு.

மண்டபத்தை அதே நேரத்தில் பாருங்கள்

மண்டபத்தை ஒருமுறையாவது முகூர்த்தம் நடக்கும் அதே மணிக்குப் போய்ப் பாருங்கள். வேறொரு கல்யாணம் நடக்கும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. கூட்டம் எங்கே அடைக்கிறது, பந்திக்கு எந்த வழியாக ஓடுகிறார்கள் என்பது தெரியும். மேடைக்கு எதிரே ஜன்னல் இருக்கிறதா, பிளக் பாயிண்ட் எங்கே, கரண்ட் போனால் ஜெனரேட்டர் மேடை விளக்கையும் தாங்குமா என்று மேனேஜரிடம் கேளுங்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் சொந்தங்களுக்கு யூடியூப் நேரலை கேட்பார்கள். மண்டபத்துக்குள் எந்த சிம்முக்கு சிக்னல் வருகிறது என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

எல்இடி விளக்குகள் வந்தபிறகு புது ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது படத்தில் குறுக்கே விழும் கறுப்புப் பட்டைகளில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; மலிவான விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பெரும்பாலும் பட்டை போய்விடும். வீடியோவுக்கு நொடிக்கு 25 பிரேம், 1/50. சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரைக் கல்யாண மேடையில் அணைத்து வையுங்கள். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்தால் அது தனிக் கணக்கு. டெக்கரேஷன்காரர் நம்பரை வாங்கி முந்தின நாள் மாலையே திரையைப் போடவைத்து நாலு படம் எடுத்துப் பாருங்கள். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னாலே முகங்கள் தெளிந்து வரும்.

டெக்கரேஷன்காரரிடம் பேசுவதைப்போல மேக்கப் செய்பவரிடமும் பேசுங்கள். எத்தனை மணிக்குப் பெண் தயாராவாள் என்பது அவர் கையில்தான் இருக்கிறது. இந்த இடத்தில் நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாநிறப் பெண்ணையும் கறுத்த மாப்பிள்ளையையும் எடிட்டிங்கில் வெளுத்துக் கொடுப்பது இந்தத் தொழிலின் கெட்ட பழக்கம். அந்தத் தோலுக்கு ஏற்ற வெளிச்சம் வைக்கத் தெரியாதவர்தான் அதைச் செய்வார். “என் நிறத்துல எடுத்துக் குடுங்கண்ணே” என்று கேட்கும் பெண்கள் இப்போது வருகிறார்கள். கேட்காத பெண்ணுக்கும் அப்படியே கொடுங்கள்.

தாலி கட்டும் அந்த ஒரு நிமிடம்

தாலியைத் தேங்காய் மேல் வைத்துத் தட்டோடு ஆசீர்வாதத்துக்கு அனுப்புவார்கள். தட்டு சபையைச் சுற்றி வரும் அந்த நேரம்தான் உங்கள் கடைசி அவகாசம். பேட்டரியை மாற்றுங்கள், கார்டை மாற்றுங்கள், பிளாஷ் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். தட்டு மேடைக்குத் திரும்பிய பிறகு பைக்குள் கைவிடக்கூடாது.

இடம் முன்னாலேயே முடிவாகியிருக்க வேண்டும். மாப்பிள்ளை கையை நீட்டிப் பெண்ணின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோகும்போது, அவர் பக்கமாக நிற்கும் கேமராவுக்கு அவருடைய கைதான் தெரியும். முதல் கேமரா பெண்ணின் மறுபக்கத்தில், கொஞ்சம் தாழ்ந்து, சாய்வாக இருக்கட்டும். உட்கார்ந்தபடி கட்டுவாரா, எழுந்து நின்றா என்று மாப்பிள்ளையிடமே கேளுங்கள். இடம் அதற்கேற்ப மாறும். வீடியோ நேர் எதிரே. மூன்றாவது ஆள் இருந்தால் கூட்டத்துக்குப் பின்னால் நாற்காலி மேல் ஏறி முழு மேடையையும், பறக்கும் அட்சதையையும் எடுக்கட்டும்.

அடுத்தது நாத்தனார். விளக்கைப் பிடித்துப் பின்னால் நிற்பவரும், மிச்ச முடிச்சைப் போடுகிறவரும் பல வீடுகளில் அவர்தான். ரோஜா மாலை தடிமனாக இருந்தால் தாலி அதற்குள் போய்விடும். “அக்கா, மாப்ள கைய எடுத்ததும் பொண்ணோட ஜடையையும் மாலையையும் லேசா தூக்கிப் புடிங்க” என்று அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். மாப்பிள்ளையிடம் மூன்றாவது முடிச்சு முடியும்வரை கேமராவைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐயரிடம் சைகை கேட்டு வையுங்கள். அவர் மேளக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்துவார், அதற்குப் பிறகு உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அட்சதையோடு முன்னே பாயும் பெரியவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அந்தக் கைகள் படத்தில் இருக்கட்டும். செல்போனை நீட்டிக்கொண்டு மறைக்கும் இளவட்டங்களை, ஆட்களைக் கூப்பிட நீங்கள் கேட்டு வாங்கிய பையன் பார்த்துக்கொள்வான்.

முந்திரிக் காடும் சோழபுரமும்

அவுட்டோர் படத்துக்கு இங்கே முந்திரித் தோப்பைவிட நல்ல இடம் தேட வேண்டியதில்லை. ஆனால் மரம் தாழக் கவிந்திருப்பதால் இலையின் பச்சை முகத்தில் படியும்; ஓரத்துக்கு வந்து, வானம் தெரியும் பக்கமாக முகத்தைத் திருப்புங்கள். கொட்டை பொறுக்கும் பங்குனி, சித்திரையில் தோப்புக்காரரைக் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுவதால் சாலையோரம் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் புழுதி உட்காரும். காரின் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றுங்கள்.

கங்கைகொண்ட சோழபுரம் கேட்காத ஜோடி இல்லை. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம், 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஸ்டாண்ட், லைட், துணி மாற்றும் கும்பல் என்று போனால் அனுமதி கேட்பார்கள். வாங்கிய பிறகே தேதி கொடுங்கள். ட்ரோனும் அப்படித்தான். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமைத் தாண்டிய ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டும், ட்ரோனும் பதிவாகியிருக்க வேண்டும். ட்ரோன்காரரிடம் இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்று வீட்டார் சொன்னால் முதலில் ட்ரோனை எடுத்துவிடச் சொல்வேன், இரண்டாவது கேமராவை ஒருபோதும் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து பத்து நாள் லீவில் வருகிறவர் என்றால் அவுட்டோரைக் கல்யாணத்துக்குப் பின் வைப்பதே நல்லது. முன்னால் வைத்தால் வெயிலில் அலைந்து, முகூர்த்தத்தன்று ஜோடி சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கும். ஆனால் பிளக்ஸ் அடிக்கப் படம் முன்பே கேட்பார்கள். அதற்கென்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாக ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

எழுத்தில் வையுங்கள்

ஒரு பக்கம் போதும், தமிழில். எந்தெந்த நிகழ்ச்சி (பந்தக்கால், நலங்கு, பெண் அழைப்பு, வரவேற்பு, முகூர்த்தம், மறுவீடு), எத்தனை ஆள், எத்தனை மணிவரை, ஆல்பத்தில் எத்தனை பக்கம், வீடியோ எந்த மாதம் கிடைக்கும், கல்யாணம் தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்னவாகும். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: உறுதி செய்யும்போது, முகூர்த்தத்துக்கு முந்தின நாள், ஆல்பம் கொடுக்கும்போது. மொத்தத்தையும் கடைசிக்கு விட்டால் மொய்க்கணக்கு, சமையல்காரர், பந்தல்காரர் எல்லாம் முடிந்த பிறகுதான் உங்கள் முறை வரும்.

படம் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவரே முதல் உரிமையாளர். ஆகவே பெண்ணின் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் போட அவர்கள் கையெழுத்து வேண்டும். எந்தப் படங்களைப் போடலாம் என்று பெண்ணிடமே கேளுங்கள்.

ஆர்டர் எடுக்கும்போதே இருவர் வயதையும் கேளுங்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்பியிருக்க வேண்டும். 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வயது நிரம்பாதவர்களின் கல்யாணத்தை நடத்துகிறவருக்கும் உடந்தையாக இருப்பவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. சந்தேகம் வந்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 1098-க்குப் போன் செய்யுங்கள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் வாழ்க்கையைவிடப் பெரிய ஆர்டர் எதுவும் இல்லை.

கல்யாணம் முடிந்த இரவு

எல்லா கேமராவின் கடிகாரத்தையும் காலையிலேயே ஒரே நேரத்துக்கு வைத்திருந்தால், இரவு படங்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். இரண்டு கார்டு போடும் கேமராவில் இரண்டிலும் ஒரே படம் பதியும்படி வையுங்கள். தூங்கும் முன் இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஆல்பம் அச்சாகும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

முதல் வாரத்திலேயே மணமக்களின் நல்ல படங்கள் கொஞ்சத்தைத் திருத்திக் கொடுத்துவிடுங்கள். 2009 தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால், அவர் விமானம் ஏறுவதற்குள் படத்தோடு அந்த வேலையாக அலைவார்கள். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துத் தருவதில்தான் பல வீடுகள் மாதக்கணக்கில் இழுக்கும். எந்தத் தேதிக்குள் தரவில்லையென்றால் நீங்களே தேர்ந்தெடுப்பீர்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்தால் இழுபறி இருக்காது. அப்படித் தேர்ந்தெடுக்கும்போது பத்திரிகைப் பட்டியலை மறுபடி எடுத்து, விட்டுப்போன பெயர் உண்டா என்று டிக் அடித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களில் மூட்டையாகக் கிடந்த குடும்பப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடித் தகடும் காகிதமும் பரணில் கிடந்தாவது தப்பின. ஹார்ட் டிஸ்க் அப்படித் தப்பாது. சில வருடம் தொடாமல் வைத்தாலே திறக்காமல் போகலாம். ஆகவே படங்களை எத்தனை காலம் உங்களிடம் வைத்திருப்பீர்கள் என்பதையும் அந்த ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் காலம் முடிந்து அழிப்பதற்கு முன் வீட்டுக்குப் போன் போட்டு, “பிரதி பத்திரமா இருக்கான்னு ஒரு தடவ திறந்து பாத்துருங்க” என்று சொல்லி, அவர்கள் திறந்து பார்த்துப் பதில் சொன்ன பிறகு அழியுங்கள்.